அம்பாசடரின் பின்பக்கம் தொங்கினால்: பட்டை அடிப்பதா, கூட்டுவதா, புது செட் போடுவதா?

வண்டியில் ஆளே இல்லை, டிக்கி காலி. ஆனாலும் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு மேலே தூக்கி நிற்கிறது. இரவில் ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டு மரக்கிளையில் அடிக்கிறது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே பின்னால் ரப்பர் ஸ்டாப்பரில் 'டொக்' என்று இடிக்கிறது. பழைய அம்பாசடர்களில் இது சர்வ சாதாரணம். பட்டறைக்குப் பட்டறை வைத்தியம்தான் மாறும்: ஒருவர் பின் ஸ்பிரிங்கின் பட்டையை அடித்து வளைவு ஏற்றச் சொல்வார், இன்னொருவர் ஒரு பட்டை கூட்டச் சொல்வார், மூன்றாமவர் ஸ்பிரிங்கின் பின் முனையைப் பாடியோடு இணைக்கும் ஷாக்கிளை நீட்டிவிடுவார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குடும்பத்தோடு போய்வரும் வண்டிக்கு, மூல அளவிலேயே செய்த புது ஸ்பிரிங் ஜோடிதான் சரி. அது கிடைக்காவிட்டால், பழைய பட்டைகளைச் சூளையில் ஏற்றி முறையாகப் பதம் வைத்துத் திரும்ப வளைப்பது இரண்டாம் இடம். பட்டை கூட்டுவது, எப்போதும் சுமையோடு ஓடும் வண்டிக்கு மட்டும். நீட்டிய ஷாக்கிளும், ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வைக்கும் கட்டையும் வேண்டவே வேண்டாம்.

முதலில் அளவு எடுங்கள்

எந்த வழியானாலும், குறை பின் ஸ்பிரிங்கில்தானா என்று உறுதி செய்யாமல் காசைக் கொடுக்காதீர்கள். சமதளமான தரையில் வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, டேங்கைப் பாதி நிரப்பி, டிக்கியில் ஸ்டெப்னி தவிர மற்றதை இறக்குங்கள். பின் பம்பரை நாலைந்து முறை அழுத்தி விட்டு, வண்டியை முன்னும் பின்னும் இரண்டடி உருட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் வீல் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை செங்குத்தாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கில் கலந்துவிடும்.

இரண்டு பின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக, இரண்டுமே குறைவாக இருந்தால் ஸ்பிரிங் களைத்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால் கொஞ்சம் பொறுங்கள். அம்பாசடரின் முன்பக்கத்தைத் தாங்குவது டார்ஷன் பார், அதாவது முறுக்கத்தால் எடையைத் தாங்கும் கம்பி. ஒரு பக்கத்து பார் தளர்ந்தால் சாய்வு பின்னாலும் தெரியும். முன் கிராஸ் மெம்பரின் நடுவில் ஜாக்கி கொடுத்து, முன் சக்கரம் இரண்டும் தரையை விடும் அளவுக்குத் தூக்குங்கள். அப்போது பின்பக்கம் நேராகிவிட்டால் குற்றவாளி முன்னால் இருக்கிறது. அப்போதும் சாய்ந்தே இருந்தால் அந்தப் பக்கத்துப் பின் பட்டைதான். ஓட்டுநர் மட்டும் தனியாக ஓடிய வண்டிகளில் வலது பக்கம் கூடுதலாகத் தளர்வது இயல்பு.

ஷாக் அப்சார்பரை மாற்றினால் உயரம் வந்துவிடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். லீவர் வகையோ குழாய் வகையோ, அது ஆட்டத்தை அடக்கும், எடையைத் தாங்காது. அடுத்து, ஸ்பிரிங்கின் முன் கண்ணும் (பட்டை முனையில் மடிந்த வளையம்) பின் ஷாக்கிளும் பாடியில் பிடிக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்பு. துரு தின்ற தகடு உள்ளே மடங்கினாலும் வண்டி தாழும். அந்த நிலையில் எந்தப் புது ஸ்பிரிங்கும் பயன் தராது. வெல்டிங் வேலை முந்த வேண்டும்.

பழைய பட்டையை அடித்து வளைப்பது

செலவு குறைவு, ஒரே நாளில் முடியும், உங்கள் வண்டியின் சொந்தப் பட்டைகளே திரும்ப வரும். லாரி ஸ்பிரிங் பட்டறை இருக்கிற எந்த ஊரிலும் செய்துகொள்ளலாம். ஆனால் எப்படி அடிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சூடேற்றாமல் குளிர அடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் பட்டைக் கட்டு ஏந்திய கை போல நடுவில் குழிந்து நிற்கிறது. சுமை வந்தால் நிமிர்கிறது. நிமிரும்போது பட்டையின் மேல் முகம் இழுபடுகிறது. பட்டறையில் அதைக் குளிர வளைத்துக் குழிவைக் கூட்டும்போது அதே மேல் முகம் அமுங்கி நசுங்குகிறது. கையை எடுத்ததும் பட்டை கொஞ்சம் திரும்பி வர, அந்த முகத்தில் இழுவிசை தங்கிவிடுகிறது. பிறகு வண்டியின் எடையும் அதே முகத்தை அதே திசையில் இழுக்கிறது. ஏற்கெனவே இழுபட்ட இடத்தில் இன்னொரு இழுப்பு. குளிர அடித்த பட்டை சில மாதங்களிலேயே பழையபடி படிவதற்கும், திடீரென்று முறிவதற்கும் காரணம் இதுதான்.

ஸ்பிரிங் தொழிற்சாலைகள் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றன. தேவைக்கு மேலாகவே வளைத்துப் பதம் வைத்து, பிறகு வேலைச் சுமையைத் தாண்டி ஒருமுறை பிரஸ்ஸில் அமுக்கி எடுக்கின்றன. அப்போது மேல் முகத்தில் அமுக்க விசை தங்கும், ரோட்டில் வரும் இழுப்பை அது ஓரளவு தின்றுவிடும்.

அதனால் பட்டறையில் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, பட்டையை முழு நீளத்துக்கும் ஒரே சீராகச் சூடேற்றுகிறார்களா? நடுவில் மட்டும் கேஸ் டார்ச்சால் சிவக்க வைத்து வளைத்தால் அந்த இடம் மென்மையாகிவிடும். இரண்டு, சுமார் 850 டிகிரியில் எடுத்து எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்து (முக்கிச் சட்டென்று குளிரவைத்து), பிறகு 450 முதல் 500 டிகிரியில் பதம் இறக்குகிறார்களா? தோய்ச்சலோடு நிறுத்தினால் பட்டை கண்ணாடி போல் உடையும். தோய்ச்சலே இல்லையென்றால் வளைந்த கம்பிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. தண்ணீரில் தோய்ப்பதும் கூடாது, வெடிப்பு விடும். மூன்று, பட்டைக் கட்டு முடிந்தபின் அதைப் பிரஸ்ஸில் நேராகும்வரை அமுக்கி விடுகிறார்களா? முதல் அமுக்கலில் வளைவு கொஞ்சம் இறங்கும், இரண்டாவது மூன்றாவது அமுக்கலில் இறங்காமல் நிற்க வேண்டும். நின்றால் அது ரோட்டிலும் நிற்கும்.

இந்த மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் பட்டறை கிடைத்தால், பட்டையில் வெடிப்பும் ஆழமான துருக்குழியும் இல்லாத பட்சத்தில், இந்த வழி புது செட்டுக்கு மிக நெருக்கமானது. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளையைச் சுற்றியும், மெயின் பட்டையின் (கண் உள்ள நீளமான மேல் பட்டை) கண் மடியும் இடத்திலும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, சாக்பீஸ் பூசிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் கோடாக ஊறித் தெரியும்.

ஒரு பட்டை கூட்டுவது

டாக்சியாக ஓடிய அம்பாசடர்களில் இது ஏற்கெனவே நடந்திருக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே இருக்கிற பட்டைகளை எண்ணி, ஒவ்வொன்றின் கனத்தையும் (தடிப்பை) வெர்னியரால் அளந்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள். ஒன்று மட்டும் கனமாகவோ அகலம் மாறியோ இருந்தால் அது பிறகு வந்தது.

இதில் சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஒரே கனமுள்ள ஐந்து பட்டையோடு ஆறாவது ஒன்றைச் சேர்த்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். கனம் மாறினால் கதை வேறு: பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. போட்டால் அந்த ஒரு பட்டை மட்டும் சுமார் 59 சதவீதம் விறைப்பாகும். 'ஒரு மி.மீ. தானே' என்று போட்டுவிட்டு, காலி வண்டியில் பின் சீட்டுக்காரர் துள்ளுவதற்குக் காரணம் இதுதான். ரோட்டில் அலை அலையான இடத்தில் பின் டயர் பிடியை விடும், மழையில் பிரேக் அடித்தால் வால் விலகும்.

கூட்டத்தான் வேண்டும் என்றால், கனத்தில் மற்றவற்றுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கட்டும். நீளத்தில் மேல் பட்டைக்கும் கீழ்ப் பட்டைக்கும் இடைப்பட்டதாக இருந்து, படி போல இறங்க வேண்டும். வளைவு பக்கத்துப் பட்டையைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் பட்டைக் கட்டு முழுவதையும் மேலே தூக்கும். தட்டையாக இருந்தால் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும், சுமை வரும்போது மட்டும் வேலை செய்யும். அடியில் குட்டையான, தடித்த ஒன்றைச் செருகுவதுதான் மிக மோசம். அது முடிகிற இடத்தில் விறைப்பு திடீரென்று மாறுவதால், மேலே உள்ள பட்டை சரியாக அந்த இடத்தில் முறியும்.

டிக்கியில் எப்போதும் எல்.பி.ஜி. சிலிண்டரோ, சாமான்களோ இருக்கும் வண்டிக்கு இது நியாயமான வழி. மற்ற வண்டிக்கு இது உயரத்தைக் கொடுத்து, அம்பாசடரின் பேர் பெற்ற மெத்தென்ற ஓட்டத்தைப் பறித்துவிடும். அந்த ஓட்டத்துக்காகத்தான் பலரும் இந்த வண்டியை வைத்திருக்கிறார்கள்.

ஷாக்கிள், கட்டை, ஹெல்பர்

நீட்டிய ஷாக்கிள் மலிவு, அரை மணி வேலை. ஆனால் ஷாக்கிளை 40 மி.மீ. நீட்டினால் ஆக்சில் இருக்கும் இடத்தில் 20 மி.மீ. அளவுக்குத்தான் உயரம் கிடைக்கும், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனைதான் நகர்கிறது. கூடவே ஸ்பிரிங் முழுதும் சாய்ந்து, அதோடு ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் மூக்கும் சுமார் 2 டிகிரி திரும்பும். எஞ்சின் சுழற்சியை அங்கே கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் குறுக்கு ஜாயிண்டில் அதிர்வு வரும். நெட்டையான ஷாக்கிள் பக்கவாட்டிலும் ஆடும், திருப்பத்தில் வண்டியின் பின்பக்கம் நழுவுவது போல் உணர்வீர்கள். களைத்த பட்டை களைத்தபடியே இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

லாரியில் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைத்து உயரம் ஏற்றுவதைப் பார்த்து அதையே காருக்கும் செய்யச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். லாரியில் ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அம்பாசடர், மோரிஸ் மைனர் குடும்பத்தில் ஸ்பிரிங் ஆக்சில் குழாய்க்குக் கீழே. இங்கே நடுவில் கட்டை வைத்தால் வண்டி இன்னும் தாழும்! கீழே குனிந்து ஒருமுறை பார்த்தால் புரிந்துவிடும்.

ஷாக் அப்சார்பரோடு சுற்றிவரும் காயில் ஹெல்பர், ஆக்சில் மேல் வைக்கும் ரப்பர் அல்லது காற்றுப் பை, இவை எல்லாமே எடையை வேறு இடத்துக்கு மாற்றுகின்றன. ஷாக் பிராக்கெட்டும் ஸ்டாப்பர் இருக்கும் தகடும் அவ்வப்போது வரும் இடியைத் தாங்கச் செய்தவை, நாள் முழுக்க வண்டியைச் சுமக்க அல்ல. துருவேறிய பாடியில் அந்தத் தகடு கிழியும்.

புது ஜோடி

இதுவே சிறந்தது என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் 'அம்பாசடர் செட்' எல்லாம் ஒன்றல்ல. டாக்சிக்கென்று கனமாகக் கட்டியதும் அதே பெயரில் வரும். கடைக்குப் போகும்போது பழைய ஸ்பிரிங்கின் இந்த அளவுகளைக் கையில் வைத்திருங்கள்: பட்டை அகலம், ஒவ்வொரு பட்டையின் கனம், நீளம், கண்ணிலிருந்து கண் வரை மைய தூரம், கண்ணின் உள் விட்டம், சென்டர் போல்ட்டிலிருந்து முன் கண்ணுக்கும் பின் கண்ணுக்கும் உள்ள தூரம். கடைசி அளவு இரண்டும் சமமாக இல்லாவிட்டால் முன்பின் மாற்றி மாட்டக் கூடாது. சக்கரம் மட்கார்டில் நடுவில் நிற்காது.

இரண்டு ஸ்பிரிங்கையும் தரையில் அருகருகே வைத்து, கண்களுக்குக் குறுக்கே கயிறு கட்டி, நடுவில் குழிவின் ஆழத்தை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் வேறு ஜோடி கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாக மாற்றுவது காசு மிச்சமல்ல, சாய்வை மறுபக்கம் திருப்புவதுதான்.

மாட்டும்போது கெடுவது எங்கே

பாதிப் புகார்கள் ஸ்பிரிங்கால் வருவதல்ல, மாட்டிய விதத்தால் வருபவை. பாடியை ஸ்பிரிங் முன் கண்ணுக்கு முன்னால் உறுதியான இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலைத் தனி ஜாக்கியில் பிடியுங்கள். ஆக்சிலை இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் பாருங்கள். பட்டைக் கட்டைப் பிரிக்க நேர்ந்தால், சென்டர் போல்ட்டைத் தளர்த்தும் முன் இருபுறமும் ஜி கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டைகள் தெறித்து முகத்தில் அடிக்கும்.

ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்களையும், கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்களையும் புதிதாகவே போடுங்கள். பழைய யூ போல்ட் நீண்டிருக்கும், இறுக்கம் நிற்காது. யூ போல்ட் தளர்ந்தால் வளைவு முழுதும் சென்டர் போல்ட் துளையில் குவிந்து பட்டை அங்கேயே முறியும். பட்டைகளுக்கிடையே கிராஃபைட் கிரீஸ் மெல்லியதாகப் பூசினால் போதும், ரப்பர் புஷ்ஷில் எண்ணெய் படக் கூடாது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பக்கக் கிளிப்களை மறக்காமல் மடக்குங்கள். அவை திறந்திருந்தால், வண்டி துள்ளும்போது மெயின் பட்டை மட்டும் தனியாக விசையைத் தாங்க நேரும்.

மிக முக்கியமானது: கண் போல்ட்டையும் ஷாக்கிள் போல்ட்டையும் வண்டி தொங்கும்போது இறுக்காதீர்கள். சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டியின் எடை முழுதும் ஸ்பிரிங்கில் வந்தபின் இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கேறி வண்டி பொய்யாக உயர்ந்து நிற்கும், சில வாரங்களில் புஷ் கிழிந்து உயரமும் போகும்.

300 முதல் 500 கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மீண்டும் இறுக்கி, முதலில் அளந்த அதே முறையில் உயரத்தை அளவெடுங்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் படிந்திருக்கும், அதுதான் அதன் நிஜ உயரம். முன் டார்ஷன் பாரைத் தொடுவதென்றால் இந்தக் கட்டத்தில்தான். பின்னால் படிவதற்கு முன்பே முன்பக்கத்தைத் திருத்தினால் இரண்டு வேலையாகும். பின்பக்கம் உயர்ந்ததும் ஹெட்லைட் கற்றை ரோட்டுக்குள் இறங்கியிருக்கும். சுவருக்கு நேரே நிறுத்தி அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.