லேமினேட் செய்த 32 சர்டிபிகேட்டும் பாண்டி கவுன்சிலிங்கும்: 3 ஸ்டார்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெண் பிளஸ் டூ. இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் மச்சினன், "இங்க மெடிசினுக்கு அப்ளை பண்ணட்டும் மாமா, பணத்தை நான் பாத்துக்கறேன்" என்றான். வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் வருஷத்துக்கு 40,000 பவுண்டுக்கு மேல் வாங்கும் காலேஜ்கள் அங்கே உண்டு. அது அவன் பாடு. மார்க்கோடு மற்ற ஆக்டிவிட்டியும் பார்ப்பார்களாம். நம்மிடம் இருப்பது தேறுமா என்று பார்த்துச் சொல்ல பாண்டியில் ஒரு சென்டர் இருக்கிறது என்றார்கள், போனோம். ஒரு மணி நேரத்துக்கு 4,500 ரூபாய்.

முதலில் குறை. ரிசப்ஷன் பையன், "ஜிப்மருக்கும் இது யூஸ் ஆகும் சார்" என்று 18,000 ரூபாய் பேக்கேஜை நீட்டினான். கோரிமேட்டில் டீ ஆற்றுகிறவருக்கே தெரியும், 2020-லிருந்து ஜிப்மர் சீட்டுக்கும் நீட்தான். 180 கேள்வி, 720 மார்க். பரதநாட்டியம் ஆடினேன் என்று எழுத அதில் இடம் ஏது? ஸ்போர்ட்ஸ் கோட்டா தனிக் கதை. நீட் மட்டும் எழுதுகிற பிள்ளை என்றால் இந்தப் படியே ஏற வேண்டாம்.

உள்ளே இருந்த மேடம் வேறு ரகம். சிலம்பம், அபாகஸ், ஓவியம், 2024 ஃபெஞ்சல் புயல் நிவாரணம் என்று 32 சர்டிபிகேட், அத்தனையும் என் கையால் லேமினேட் போட்டது. நாலு பக்கம் புரட்டினார். "யூகாஸ் ஃபார்ம்ல, அதான் இங்கிலாந்து காலேஜுக்கு அப்ளை பண்ற பொது ஃபார்ம்ல, இதையெல்லாம் அப்லோட் பண்ண இடமே கிடையாது சார். எழுதித்தான் காட்டணும்." மூன்று கேள்வி, மூன்றுக்கும் சேர்த்து இடைவெளியோடு 4,000 எழுத்து. மெடிசினுக்கு நாலு காலேஜ்தான் போடலாம். அக்டோபர் 15 கடைசி. அங்கே மெடிசின் சேர எழுதும் யூகேட் என்ற நுழைவுப் பரீட்சை தனி.

"புயல்ல என்னம்மா செஞ்சே?"

"ஒரு நாள் பிரெட் பாக்கெட் கொடுத்தேன் மேடம். போட்டோ எடுத்தாங்க, வந்துட்டோம்."

சிரித்தபடி ஃபைலை மூடினார். "ஞாயித்துக்கிழமைல என்ன பண்ணுவே?"

நெல்லிக்குப்பத்தில் என் அப்பா ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. ஞாயிறு முழுக்க இவள் அங்கேதான். எப்படி ஊட்டுவே என்று கேட்டார் மேடம். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைப்பது, கஞ்சியைக் கெட்டியாகக் கரைப்பது, சின்ன ஸ்பூன், மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்வது, தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். ஒருநாள் தண்ணீர் கொடுத்துப் புரையேறி முகமே மாறிவிட்டதாம். நர்ஸக்காவிடம் கேட்டுத்தான் வெறும் தண்ணீரை நிறுத்தினாளாம். புரையேறியது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். வீட்டில் அதை நாங்கள் ஒரு வேலை என்றுகூடச் சொன்னதில்லை.

"ரெண்டு வாரம் டாக்டர் பின்னாடி நின்னு அவர் வேலையைப் பாக்கறதை விட இது கனம். ஆனா 'சேவை செய்தேன்'னு எழுதாதே. புரையேறின அன்னைக்கு என்ன தோணுச்சு, அப்புறம் எதை மாத்தினே, அதை எழுது" என்றார். அதோடு விடவில்லை. சொந்தத் தாத்தா ஒருவரை மட்டும் பார்த்தது போதாது, பழக்கமில்லாதவர்களோடும் பழக வேண்டும், ஆறு மாசம் வாரம் ஒருமுறை முதியோர் இல்லம் போ என்றார். அபாகஸை மறந்துவிடச் சொன்னார். (அதற்கு நான் கட்டிய ஃபீஸை யார் மறப்பது?)

ரிப்போர்ட் மூன்று நாளில் வரும் என்றார்கள், பன்னிரண்டு நாள் ஆனது. அதிலும் பெண் பெயரில் எழுத்துப்பிழை. மேடத்துக்கு ஐந்து ஸ்டார் கொடுப்பேன், மற்றதற்கு ஒன்று. போகிறவர்கள் அப்பாயின்ட்மென்ட்டிலேயே மேடம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் போனால் பாண்டி வழக்கப்படி ஷட்டர் கீழே. நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.