‘36 சதவீதம்’ காட்டும் போக்கர் வகுப்பு: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களில் போக்கர் ஆட ஆசைப்படுகிறவர்களைப் பிடித்து, ‘நிகழ்தகவு முறை’ என்று ஒருவர் ஆன்லைனில் வகுப்பு நடத்துகிறார். 18,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். “இது சூதாட்டம் இல்ல சார், கணக்கு. அட்டவணையைப் பார்த்து ஆடுங்க, லாபம் நிச்சயம்” என்றார். கணக்கு என்ற வார்த்தைக்காகவே நம்பினேன்.

அட்டவணை ஒரே பக்கம்தான். உங்களுக்கு உதவக்கூடிய சீட்டு எத்தனை பாக்கி என்று எண்ணி, நான்கால் பெருக்க வேண்டும். ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு குறைந்தால் ஒன்பது பாக்கி, அதாவது 36 சதவீதம். கட்ட வேண்டிய பணம், அதையும் சேர்த்த மொத்த ‘பாட்’-இல் (மேசையில் சேரும் பந்தயப் பணம்) அதைவிடக் குறைந்த பங்காக இருந்தால் கால் பண்ணு, அதாவது எதிரி வைத்த தொகையை நீயும் போடு. இவ்வளவுதான் பாடம்.

கப்பலில் முதல் ராத்திரி கையில் ஹார்ட்டின் ராஜாவும் ஒன்பதும். ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) இரண்டு ஹார்ட்டின். பாட்-இல் 6,000 இருந்தது, எதிரில் இருந்தவர் 4,000 போட்டார். நானும் 4,000 போட்டால் பாட் 14,000, என் பங்கு 29 சதவீதம். அட்டவணை 36 என்கிறது. போட்டேன். டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டில், ஒன்றும் வரவில்லை. அவர் 10,000 வைத்தார். மறுபடி அதே கணக்கு, அதே 29. மறுபடி போட்டேன். கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் வந்தது கிளாவர் நாலு. ஒரே கையில் 14,000 போய்விட்டது.

இரண்டு ராத்திரியில் 62,000 இழந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஃப்ளாப்புக்குப் பிறகு நமக்குத் தெரியாத சீட்டு 47. அதில் ஒன்பது என்றால் 19 சதவீதம். டர்னுக்குப் பிறகு 46-ல் ஒன்பது, 20-க்கும் குறைவு. டர்ன், ரிவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் 35 வரும். இடையில் இன்னொரு பெட் கட்டாமல் இரண்டு சீட்டையும் பார்க்க முடிந்தால், அதாவது இருக்கிற பணம் முழுவதையும் வைத்து ஆல்-இன் ஆகிவிட்டால் மட்டுமே அந்த எண்ணை அப்படியே நம்பலாம். ஒரு சீட்டுக்கு இரண்டால்தான் பெருக்க வேண்டும். இந்த வித்தையை விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா? எதிரியிடம் ஹார்ட்டின் ஆஸும் இன்னொரு ஹார்ட்டினும் இருந்தால் என் ஃப்ளஷே தோற்கும் என்பதையும், ஒவ்வொரு பாட்டிலிருந்தும் கேசினோ தன் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதையும்கூட அவர் வாய் திறந்து சொல்லவில்லை.

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒன்றே ஒன்று கேட்டேன்: “சார், அந்த 36 ஒரு சீட்டுக்கா, ரெண்டு சீட்டுக்கா?” பதில் இல்லை. அரை மணி நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு அனுப்பிய செய்திகளுக்கு இன்றுவரை ஒற்றை டிக்தான்.

போன வாரம் அடுத்த பேட்சுக்கான விளம்பரம் என் நண்பர் ஒருவருக்கு வந்திருக்கிறது. அதிலும் அதே அட்டவணை, அதே 36. உங்களுக்கும் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் நான் கேட்ட கேள்வியை அவரிடம் கேளுங்கள்.