கண்டிப்பா, காதுகொடுப்பதா? தேயிலை ஆலையின் இரு வகை மேற்பார்வை

குன்னூர், கோத்தகிரி பகுதித் தேயிலை ஆலைகளுக்குப் பாதுகாப்பில் அக்கறையுள்ள மேற்பார்வையாளரைத் தேடும்போது, நிர்வாகத்தின் முன் பெரும்பாலும் இரு வகையினர் நிற்கின்றனர். விதியை எழுதி ஒட்டி, மீறியவருக்கு மெமோ கொடுப்பவர் ஒருவர். ஷிப்டு தொடங்குமுன் தொழிலாளரிடம் பேசி, அவர்கள் சொல்வதைக் கேட்டு வேலையை ஒழுங்குபடுத்துபவர் மற்றவர்.

கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தின் அருகில் முதலாமவரே தேவை. நிமிடத்துக்குச் சுமார் 70 சுற்றில் ஓர் உருளையும் சுமார் 700 சுற்றில் மற்றோர் உருளையும் சுழல, இடையே கொழுந்து அடைத்துக்கொண்டால் கையால் தள்ளிவிடத்தான் தோன்றும். அந்தப் பற்களுக்குள் போன விரல் திரும்பாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 21ஆம் பிரிவில் விதித்தது இத்தகைய விபத்துகளை எண்ணித்தான். மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டி, பழுது பார்ப்பவரே சாவியை வைத்துக்கொண்ட பிறகுதான் மூடியைத் திறக்கலாம் என்பதில் கலந்து பேச ஒன்றுமில்லை.

தோட்டத்தில் மருந்தடிக்கும்போது அதே கண்டிப்பு எடுபடுவதில்லை. முதுகில் ஸ்பிரேயரைச் சுமந்து சரிவில் ஏறுபவர், மூச்சு முட்டும்போது முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, மேற்பார்வையாளரின் தலை தெரிந்ததும் மேலே ஏற்றிக்கொள்வார். ஏன் கழற்றுகிறீர்கள் என்று கேட்பவருக்குத்தான், காற்று எழுமுன் வேலையை முடிப்பது, ஆளை மாற்றி மாற்றி அனுப்புவது போன்ற வழிகள் புலப்படும். காட்டெருமை எந்தச் சரிவில் நிற்கிறது என்பதும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கே முதலில் தெரியும். அவர்கள் சொல்லத் தயங்காத ஆளாக மேற்பார்வையாளர் இருக்க வேண்டும்.

மெமோவுக்கு அஞ்சும் ஆலையில் மயிரிழையில் தப்பியவர் வாய் திறக்க மாட்டார். அங்கே விபத்துப் பதிவேடு சுத்தமாக இருந்தால் எனக்குச் சந்தேகமே மிஞ்சும். போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவை வைத்தார்கள். அதற்கு உட்படாத ஆலையும் அப்படியொரு குழுவை அமைக்கத் தடையில்லை.

இருவரில் யார் தேறுவார் என்பது கொழுந்து குவியும் மாதங்களில் தெரிந்துவிடும். வாட்டிய இலை காத்துக்கிடக்க, ஏதோ சத்தம் கேட்டு ஒருவர் இயந்திரத்தை நிறுத்தினால், "என்ன சத்தம்?" என்று கேட்பவரா, "எத்தனை கிலோ போச்சு?" என்று கேட்பவரா என்று பாருங்கள். பூட்டு, சாவி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர் எனில், காதுகொடுப்பவரையே நான் அமர்த்துவேன். கண்டிப்பானவர்தான் கிடைப்பார் என்றால், இயந்திரத்தை நிறுத்தும் உரிமையைத் தொழிலாளருக்கு முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.