வட்டக்கச்சி வெக்கையில் ஒரு 75 வாட் கிராபிக்ஸ் கார்ட்

ஜிடிஎக்ஸ் 1650 என்ற கிராபிக்ஸ் கார்ட் என் கணினியில் ஏறி இரண்டு கச்சான் காற்றுக் காலம் தாண்டிவிட்டது. அதற்கு முன் இன்டெல் ஐ5-8400 புரொசசருக்குள்ளேயே இருக்கும் யுஎச்டி 630 கிராபிக்ஸோடுதான் சமாளித்தேன். செய்வது கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா வீடியோ எடிட்டிங். கேம் எல்லாம் பெறாமகன் வந்து நிற்கும் நாட்களில் மட்டும்.

கார்டை வேகம் பார்த்து எடுக்கவில்லை, கரண்டைப் பார்த்து எடுத்தேன். எங்கள் லைனில் அரிசி ஆலை ஓடத் தொடங்கினால் பின்னேரம் பல்ப் மங்கிவிடும். கேசிங்கோடு வந்த பவர் சப்ளையில் 500 வாட் என்று பெரிதாக ஒட்டியிருந்தது. ஆனால் 12 வோல்ட்டுக்கு நேரே போட்டிருந்த அம்பியரைப் பெருக்கிப் பார்த்தால் அதில் பாதிகூட வரவில்லை. வாங்கப் போகிறவர்கள் அந்த ஸ்டிக்கரின் சின்ன எழுத்தைத்தான் வாசிக்க வேண்டும். 1650 கேட்பது 75 வாட். அவ்வளவையும் மதர்போர்டின் ஸ்லொட்டே கொடுத்துவிடும்.

கிளிநொச்சி டவுனில் கடைக்காரரிடம், "அண்ணை, உதுக்குத் தனி வயர் குத்தத் தேவையில்லையோ?" என்று கேட்டேன்.

"இதுக்குத் தேவையில்லைத் தம்பி. அங்கால கிடக்கிறதுக்கு ஆறு பின் வயர் வேணும், அதை எடுக்காதையும்."

இரண்டும் 1650தான். சில கம்பனிகள் கொஞ்சம் வேகம் கூட்டி, வயர் கேட்கிற மாதிரி விடுகிறார்கள். பெட்டியை மட்டும் பார்த்து வாங்கினால் இதில் மாட்டிக்கொள்ளலாம்.

எடுத்தது பாவித்த கார்ட். கிரிப்டோ அகழ்வில் (கார்டை இரவுபகலாக ஓடவிட்டு டிஜிட்டல் காசு எடுப்பது) அடிபட்டதாக இருக்குமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் 2020 முடிவோடு எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை அகழ, 1650இல் இருக்கும் 4 ஜிபி நினைவகம் போதாமல் போய்விட்டது. அதனால் அந்தக் காய்ச்சலில் 1650 பெரிதாகச் சிக்கவில்லை. எனக்கு வந்தது இன்றுவரை பிழை சொல்லாமல் ஓடுகிறது.

சரி, என்ன மாறியது? எக்ஸ்போர்ட் நேரம் நான் நினைத்த அளவுக்குக் குறையவில்லை. புரொசசரின் கிராபிக்ஸுக்குள் வீடியோவைச் சுருக்கவும் பிரிக்கவும் இருக்கும் இன்டெலின் குயிக் சிங்க் முன்பே அந்த வேலையைச் சுமாராகச் செய்துகொண்டிருந்தது. மாற்றம் எல்லாம் வெட்டி ஒட்டும் டைம்லைனில்தான். முன்பு இரண்டு லேயர் வைத்து, கலர் திருத்தி, ப்ளே அமத்தினால் படம் திக்கித் திக்கிப் போகும்; கெட்டிமேளம் அடித்து முடிந்த பிறகுதான் தாலி ஏறும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் இல்லை, ராமைத்தான் பங்குபோடும். என்னிடம் இருந்தது ஒற்றை டிடிஆர்4-2666 ராம், செக்கனுக்கு 21 ஜிபி அளவில்தான் தரவு ஓடும். 1650இன் நினைவகம் 128 ஜிபி ஓட்டும். இப்போது கெட்டிமேளமும் தாலியும் ஒன்றாகவே வருகின்றன. கார்டுக்குக் காசு இல்லாதவர்கள் முதலில் இன்னொரு ராம் குத்திப் பாருங்கள். அந்த 21 இரட்டிப்பாகும்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் போன்ற இரவு வீடியோக்களில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலைக் குறைக்கும் பிளக்-இன் இருக்கிறதே, அதில்தான் கார்ட் தன் காசுக்கு உழைக்கிறது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வார்ப் ஸ்டெபிலைசர் பழைய வேகத்திலேயே கிடக்கிறது, அது புரொசசரின் வேலை. பெறாமகனைக் கேட்டால் ஜிடிஏ 5 கேம் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பான்.

பூட்டும்போது கவனிக்க இரண்டு விசயம். பழைய மொனிட்டர் விஜிஏ என்றால் இந்தக் கார்டில் அந்தத் துளை இல்லை, கன்வேட்டர் ஒன்று வேண்டும். மற்றது, கார்டைக் குத்தியதும் பல போர்டுகள் உள்ளே இருக்கும் கிராபிக்ஸை அணைத்துவிடும். போர்டின் செட்டிங் இருக்கும் பயோஸுக்குள் போய் மல்டி மொனிட்டர் என்ற வரியைத் திறந்துவிட்டால் குயிக் சிங்க்கும் கூடவே வேலை செய்யும்.

கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் கிரவல் ஒழுங்கைத் தூசு முழுக்க அந்த ஒற்றை ஃபானில்தான் படியும். புளோவர் பிடிக்கும்போது இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கண்டபடி சுற்றவிட்டால் பெயாரிங் போய்விடும். தூசு தட்டிய கிழமையில் வெப்பம் 70 பாகையைச் சுற்றி நிற்கிறது, தட்டாவிட்டால் 80ஐத் தாண்டுகிறது.

குறை என்றால், 4கே டைம்லைனில் இரைச்சல் குறைக்கப் போனால் 4 ஜிபி போதாது. அதைவிடப் பெரிய தலையிடி, நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் 10 பிட் 4:2:2 வீடியோ. கனன் ஆர்6 கமராவில், பிறகு கலர் திருத்தவென்று மங்கலாகப் பதியும் சி-லொக்கில் எடுத்தால் அப்படித்தான் வரும். சுருக்கிப் பதிந்த அந்த வீடியோவை 1650ஆல் நேரடியாகப் பிரித்து ஓட்ட முடியாது, யுஎச்டி 630ஆலும் முடியாது. எல்லாவற்றுக்கும் புரொக்சி என்ற இலேசான நகல் போட வேண்டியிருக்கிறது. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை பிரிக்கும்தான், ஆனால் 5060க்கே 145 வாட் வேண்டும். ஆர்6 பதியும் அந்த எச்265 என்ற சுருக்க வகையை 12ஆம் தலைமுறை இன்டெலின் உள்கிராபிக்ஸே பிரித்துவிடும். ஆகவே அடுத்த காசு புரொசசருக்கும் போர்டுக்கும் ஒரு நல்ல பவர் சப்ளைக்கும்தான். 1650 இருந்த ஸ்லொட்டிலேயே இருக்கும்.