துபாய் வேலை என்று சொல்லி விசிட் விசா கொடுத்தார்கள், கவனம்

ஏசி மெக்கானிக் வேலை, மாதம் 1,800 திர்ஹாம் என்று சொல்லி ஓர் ஏஜென்ட் என்னிடம் 1,10,000 ரூபாய் வாங்கினார். மனைவியின் நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்த பணம். பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். இன்று வா, நாளை வா என்றே ஐந்து மாதம் போனது.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் விசா வந்தது. நான் எட்டாவதோடு நின்றவன். ஷார்ஜாவில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "மாப்ள, இது அறுபது நாள் விசிட் விசா. இதுல வேலை பாத்தா மாட்டிக்குவ."

ஏஜென்ட்டோ, "அங்க போய் மாத்திக்கலாம். ஏர்போர்ட்ல கேட்டா சொந்தக்காரரப் பாக்கப் போறேன்னு சொல்லு" என்றார்.

ஏன் இப்படி என்று அப்புறம்தான் புரிந்தது. பத்தாவது தேறாத என்னைப் போன்றவர்களுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட். அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதற்கு வேலை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். விசிட் விசா என்றால் அது எதுவும் தேவையில்லை.

தெரிந்த பிறகும் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். வட்டி ஏறுகிறது, தெரு முழுக்கச் சொல்லியாயிற்று, அம்மா முறுக்கு சுட்டு டப்பாவில் அடைத்துவிட்டார்கள். மனைவிதான் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். "சங்கிலி போனா போகட்டும்" என்றாள். கொடுத்த பணம் வீணாகக் கூடாதே என்றே விமானம் ஏறியவர்களை எனக்குத் தெரியும். அந்த வரிசையில் நானும் நின்றிருப்பேன்.

தயவுசெய்து பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. எனக்கு வாய்த்தவர் பெயர் அதில் இல்லை. பதிவு பெற்றவரே ஆனாலும் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று அமீரகச் சட்டமே சொல்கிறது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகு பாஸ்போர்ட் கைக்கு வந்தது, 40,000 ரூபாயும் வந்தது. மீதி வரவில்லை. உங்களில் யாருக்காவது இப்போது விசா வந்திருந்தால், பெட்டி கட்டும் முன் அங்கே இருக்கிற நம்பகமான ஒருவரிடம் அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள்.