விட்ஸ் காருக்கு ஒரு முகம் தேடிய கதை

சாவகச்சேரிக்கு இப்பால், பின்விளக்கு இல்லாமல் வீதியோரம் நின்ற உழவு இயந்திரப் பெட்டியில் அத்தானின் டொயோட்டா விட்ஸ் இடது முன்பக்கத்தால் மோதியது. ஒருவருக்கும் காயமில்லை, காப்புறுதிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து படமெடுத்துப் போனார், பொலிசும் தொந்தரவு தரவில்லை. லண்டனிலிருந்து நான் ஊருக்குப் போய்வந்த மற்றக் காரியங்களும் ஒழுங்காகவே நடந்தன, அவற்றை எழுதி என்ன பயன்? நான் எழுத வந்தது பம்பரைப் பற்றி.

யாழ்ப்பாணத்தில் காருக்குச் சாமான் எடுப்பதென்றால் கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குச் சொல்வதும், அது இரவு பஸ்ஸில் ஏறுவதும், விடியற்காலையில் பஸ் நிலையத்தில் போய் நிற்பதும் இன்றைக்கும் மாறவில்லை. அப்படித்தான் நாங்களும் நின்றோம். சாக்குச் சுற்றி வந்த பொதியைக் கராஜில் பிரித்தபோது உள்ளே இருந்தது விட்ஸ் பம்பர்தான், நிறமும் வெள்ளிதான், இடது ஹெட்லைற்றும் கூடவே இருந்தது. ஆனால் காரோடு பிடித்துப் பார்த்தால் ஒரு மூலையும் பொருந்தவில்லை. கடைக்காரருக்கு அழைத்தால், "130 விட்ஸ் எண்டுதானே கேட்டீங்க, 130 விட்ஸ்தான் அனுப்பினேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது. 2010 டிசம்பரில் யப்பானில் வெளியான இந்த விட்ஸுக்கு 2014 ஏப்ரலிலும் 2017 ஜனவரியிலும் முன்பக்கத்தை மாற்றினார்கள். மூன்று முகங்களுக்கும் சேஸிக் குறியீடு அதே 130தான். போதாக்குறைக்கு ஆர்எஸ் என்னும் ஸ்போர்ட்ஸ் ரகத்துக்கு வேறு பம்பர். அத்தானுடையது 2015 தயாரிப்பு, அதாவது நடு முகம். வந்து சேர்ந்ததோ முதல் முகம்.

இத்தனையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டியது விற்பவரின் பொறுப்பு என்று லண்டனில் பழகிய என் மனம் சொன்னது. அங்கே உதிரிப்பாகக் கடையின் மேசையில் வாகனத்தின் பதிவு இலக்கத்தைச் சொன்னால் போதும், கணினி தயாரிப்பு மாதம் வரை பார்த்துச் சரியான பாகத்தின் இலக்கத்தைக் காட்டிவிடும். எங்கள் ஊரில் பதிவு இலக்கத்தின் எழுத்தை வைத்துக் காருக்கு வயது சொல்கிறார்கள். அது கார் இலங்கையில் பதியப்பட்ட காலத்தைச் சொல்லுமே தவிர, யப்பானில் எப்போது செய்யப்பட்டது என்பதைச் சொல்லாது. ஓடிய காராக வந்திறங்கிப் பதியப்பட்ட வாகனங்கள் நிறைந்த நாட்டில் இந்த வித்தியாசம் சில வருடங்களாகவே இருக்கக்கூடும். லண்டனில் இதே காரை யாரிஸ் என்று ஓட்டுகிறார்கள், அங்கிருந்து அனுப்பிவிடலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. 2014க்குப் பின் ஐரோப்பிய யாரிஸின் முகம் விட்ஸின் முகத்திலிருந்து அடியோடு பிரிந்துவிட்டதால் அந்த வழியும் அடைபட்டது.

ஆனால் லண்டனை அளவுக்கு மீறிப் புகழவும் எனக்கு வாய் வரவில்லை. இந்த அடி அங்கே பட்டிருந்தால் காப்புறுதி நிறுவனம் காரை இழுத்துக்கொண்டு போய், ஓட இன்னொரு காரைத் தந்து, சில நாட்களில் "திருத்துவது கட்டுப்படியாகாது" என்று ஒரு கடிதத்தோடு கதையை முடித்திருக்கும். அங்கே கூலி அதிகம், பழைய காரின் விலை குறைவு. பொனற்றும் மட்காட்டும் லைற்றும் நிறப்பூச்சும் சேர்ந்தால் பத்து வயதுக் காரின் பெறுமதியைத் தாண்டிவிடும். 2017 அக்டோபரிலிருந்து அவர்கள் கழித்துவிடும் கார்களை ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். சட்டகம் அடிபடாத காருக்கு என். சட்டகம் அடிபட்டும் திருத்தக்கூடியதற்கு எஸ். பி வகைக் காரின் கூட்டை நசுக்கியாக வேண்டும், பாகங்களை மட்டும் கழற்றி விற்கலாம். இலங்கையில் கணக்கு நேர்மாறு. 2020இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள், திறந்தபோதும் வரி குறைந்தபாடில்லை. ஆகவே, நெளிந்த விட்ஸ் ஒன்றைக் கழித்துவிடும் எண்ணம் அங்கே ஒருவருக்கும் வராது.

நாங்கள் தேடிய முகமும் இப்படி வேறெங்கோ கழிக்கப்பட்ட காரிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. யப்பானில் புதிய தனியார் காரை மூன்று வருடத்திலும் அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் ஷாக்கென் என்னும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்தே பலர் நல்ல நிலையிலுள்ள காரைக் கைவிடுகிறார்கள். அவற்றின் முன்பாதியை அப்படியே வெட்டி அனுப்புவதுதான் நம்மவர் சொல்லும் நோஸ் கட். முழு நோஸ் கட் எடுத்தால் பம்பர், கிறில், இரண்டு லைற், பொனற், மட்காட், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் யாவும் ஒரே காரிலிருந்து ஒன்றுக்கொன்று பொருந்தியபடி வரும். தனித்தனியாக எடுத்தால் காசு மிச்சம், ஆனால் பம்பரின் பக்கத்தைப் பிடிக்கும் கையளவு பிளாஸ்டிக் பிடியை எந்தக் கடைக்காரரும் ஞாபகமாகப் பொதியில் வைப்பதில்லை. புதிதாகத்தான் வேண்டுமென்றால் தாய்வான் சாமான் கிடைக்கிறது. அதில் பொனற்றுக்கும் மட்காட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு முனையில் விரல் நுழையவும் மறுமுனையில் காகிதம் நுழையாமலும் இருக்கும் என்று கராஜ்காரர் முன்கூட்டியே எச்சரித்தார்.

அந்தக் கராஜ்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40 கார்களுக்குப் பீப்பாய்த் தகரத்தில் மட்காட் அடித்துக் கொடுத்தவர்களிடம் தொழில் பழகியவர். நானும் கடைக்காரரும் தொலைபேசியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் உடைந்த ஹெட்லைற்றை எடுத்து, பழந்துணியால் அழுக்கைத் துடைத்து, கண்ணாடியின் மூலையில் பொறித்திருந்த சிறிய இலக்கத்தை என் கைபேசியால் படமெடுக்கச் சொன்னார். "கார் நம்பரும் வேண்டாம், வருசமும் வேண்டாம் தம்பி. இதை அனுப்புங்கோ." லைற்றைச் செய்த நிறுவனம் பொறித்த அந்த இலக்கம் ஒவ்வொரு முகத்துக்கும் வேறு. வைபரில் படம் போனது. கடைக்காரர் தம்மிடமிருந்த லைற்றின் மூலையைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பினார். இரண்டும் ஒன்றாயிருந்தன. கணினியும் பதிவேடும் செய்யும் வேலையை ஒரு பழந்துணி செய்துமுடித்ததை நான் லண்டன் நண்பர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது பொதியில் வந்தது நடு முகம். லைற்றைப் பொருத்தும் காது ஒன்று வழியில் உடைந்திருந்தது, அதை அவர் சூடாக்கி ஒட்டினார். எங்கள் பம்பரில் இருந்த மூடுபனி விளக்குக்கான ஓட்டை இதில் மூடியிருந்தது. யாழ்ப்பாணத்தில் மூடுபனி எதற்கு என்று அத்தான் அதைப் பொருட்படுத்தவில்லை. முன் மட்காட் போல்ட்டில் கழலுவது என்பதால் அதை மாற்றுவது ஒரு காலை வேலை. அடி பின்பக்கத்தில் பட்டிருந்தால் அது உடலோடு ஒட்டிய தகடு, வெட்டி ஒட்டுவதைத் தவிர வழியில்லை. பம்பர் 1எஃப்7 என்னும் நிற இலக்கம் கொண்ட அதே வெள்ளியாகவே வந்ததால் பூச்சு வேலை மிச்சம் என்று நான் மகிழ்ந்தேன். கராஜ்காரர் அதை வெயிலில் சாய்த்துவைத்துக் காட்டினார்: ஒரே இலக்க நிறம்தான், ஆயினும் எங்கள் ஊர் வெயிலில் இத்தனை வருடம் நின்ற கதவுக்குப் பக்கத்தில் யப்பானிய வெள்ளி நீலம் பாய்ந்து தெரிந்தது. கடைசியில் மட்காட், பொனற், பம்பர் மூன்றுக்கும் பூசி, கதவின் பாதி வரை நிறத்தைக் கலந்து இழைக்க வேண்டியதாயிற்று. அந்த இழைப்பை இப்போது தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது, லண்டனில் இவ்வளவு பொறுமைக்கு யாரும் நேரம் ஒதுக்கமாட்டார்கள்.

காப்புறுதிக் காசு மட்டும் நான் விமானம் ஏறும்வரை வரவில்லை. கடைக்காரரின் பற்றுச்சீட்டில் "விட்ஸ் முன்பக்கம்" என்று ஒரே வரிதான் இருந்தது; பொருள் பொருளாகப் பிரித்து விலை எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். பிரித்து எழுதிய சீட்டும் இரவு பஸ்ஸிலேயே வந்தது. இப்போது, கழற்றிய பழைய பாகங்கள் நிறுவனத்துக்கே சொந்தம், அவற்றைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று அத்தானிடம் கேட்டிருக்கிறார்களாம். நெளிந்த பொனற்றையும் உடைந்த பம்பரையும் எந்த வாகனத்தில் ஏற்றிக்கொண்டு அந்த அலுவலகப் படியேறுவது என்று அவர் என்னிடம் கேட்கிறார்.