ஆற்காடு டெல்லி கேட்: போகுமுன் வேலூரைப் பார்த்துவிடுங்கள்

டெல்லி கேட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. கோட்டையைப் பார்க்கலாம் என்று பிள்ளைகுட்டிகளோடு கிளம்புபவர்களுக்கு இரண்டுதான். ஆற்காட்டில் கோட்டை கிடையாது. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்ற ஒரு வாசலும், அதன் மேலே கிளைவ் அறை என்று சொல்லப்படும் அறையும்தான் மிச்சம். விவரம் தெரியாமல் போனால் பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும்.

முதலில் வேலூர் கோட்டைக்குப் போங்கள். கருங்கல் மதில், ஒட்டினாற்போல அகழி, அதில் தண்ணீர், எல்லாம் இன்னும் இருக்கிறது. மதில் மேல் நின்று அகழியின் அகலத்தைக் கண்ணால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். உபரி நீர் வெளியேற வழி இல்லாவிட்டால் அகழியே பகை. 2021 நவம்பர் மழையில் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு பஸ் பிடித்து ஆற்காடு, சுமார் 25 கிலோமீட்டர். 1751இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் பிடித்து வைத்திருந்த இந்தக் கோட்டையை எதிரிகள் முற்றுகையிட்டபோதே இங்கே அகழி பல இடங்களில் தூர்ந்து கிடந்தது. கிளைவின் கையில் இருந்ததோ சில நூறு பேர். ஐம்பது நாள் கழித்து, முற்றுகையிட்ட ராசா சாகிப்பின் (நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் மகன்) படை, நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளை வாசல்மேல் ஏவியது. தண்ணீர் ஆழமாக நின்ற பக்கம் தெப்பம் கட்டித்தான் கடக்க வேண்டியிருந்தது. அந்தத் தெப்பத்தைக் கிளைவின் பக்கத்தார் பீரங்கியால் கலைத்தார்கள். வறண்ட பக்கமோ ஆட்கள் நடந்தே மதிலுக்கு வந்துவிட்டார்கள். வேலூரை முதலில் பார்க்கச் சொல்வது இந்த வித்தியாசம் புரியத்தான்.

1783இல் திப்பு மதிலை இடித்தான். இடிக்கிற மதில் பக்கத்துப் பள்ளத்தில்தான் சரியும். அதனால் மதில் போகிற இடத்தில் அகழியும் சேர்ந்தே போய்விடும். மிஞ்சிய கல்லும் செங்கல்லும் யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ!

தூர்ந்த அகழியைத் தேட ஆசை இருந்தால், வெயில் சாய்வாக விழும் காலை ஏழு, எட்டு மணிக்குப் போங்கள். லேசான பள்ளமும் நிழலில் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரிந்து ஏமாற்றும். கோடையில் சுற்றுப்புறம் காய்ந்திருக்க, ஒரு பட்டையாகப் பச்சை நின்றால் சந்தேகப்படுங்கள். கொட்டி நிரப்பிய மண் ஈரத்தை விடாது. ஆனால் பழைய வாய்க்காலும் அப்படியே தெரியும். வளையாமல் நேராக ஓடி, மூலையில் சட்டென்று திரும்பினால்தான் அகழி என்று எண்ண இடமுண்டு.

குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். திரும்பும்போது ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடா வாங்கினால் டப்பாவைச் சாய்க்காமல் பிடியுங்கள், பாகு ஒழுகும்.